ஸ்பிளாஷ் மவுண்டன் மூடப்பட்டபோது ஹட்டனில் நடந்த வாக்குவாதம்

2023 ஜனவரி 22ஆம் திகதி புளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற நீர்ச்சவாரி கடைசித் தடவையாக ஓடியது. அதே வருடம் மே 30ஆம் திகதி கலிபோர்னியா டிஸ்னிலாண்டிலும் அது நின்றது. ரசிகர்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்று விடைகொடுத்தார்கள். சவாரியின் தண்ணீரைப் போத்தலில் அடைத்து இணையச் சந்தையில் விற்றவர்களும் உண்டு. இந்த இரண்டு ஊருக்கும் ஒருநாளும் போயிராத ஒரு கூட்டம், இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் டியூஷன் நடக்கும் ஒரு மாடியறையில் ஞாயிறு தோறும் கூடி, அதே மூடலைப் பற்றி நீண்டகாலம் சண்டை பிடித்தது. நடுவில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் வாதம் எங்கே தொடங்கி எங்கே போய் நின்றது என்பதை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். தீம் பார்க்குகளை நேசிக்கிறவர்கள் அவை மாறும்போது எதைப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு, தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு பதில் இருக்கிறது என்பது என் நம்பிக்கை.

கூட்டம்

எங்களில் பலருக்கு இந்த ஆசை நுவரெலியா சீசனில் பிடித்தது. ஏப்ரலில் லொறிகளில் இரும்புச் சட்டங்கள் வந்து இறங்கும். சில நாளில் அவை ராட்டினமாகவும் கொலம்பஸ் கப்பலாகவும் மரணக் கிணறாகவும் எழுந்து நிற்கும். சீசன் முடிந்ததும் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த வருடம் வருவது அதே ராட்டினமா, பெயின்ட் அடித்த வேறொன்றா என்று பார்ப்பதே எங்களுக்கு ஒரு வேலை. தொட்டியின் நிறத்தை, போல்ட்டு போட்ட இடத்தைக்கூட ஞாபகம் வைத்து அடையாளம் சொல்கிற பையன்கள் இருந்தார்கள். பூங்கா ரசனை என்றால் என்ன என்பதை நான் அவர்களிடம்தான் படித்தேன். ஏறி இறங்கினால் சந்தோசம் முடிந்துவிடும். அது எப்படி நிற்கிறது, போன வருடம் எப்படி நின்றது, யார் மாற்றினார்கள் என்று கேட்கத் தொடங்கியவர் ரசிகர் ஆகிவிடுகிறார்.

கூட்டத்தில் மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் மரக்கறித் தோட்டம் செய்யும் தம்பி. லீக்ஸ் பாத்திகளின் படிக்கட்டு மேட்டில், பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து, தண்ணீர் மோட்டரை வைத்து, ஒரு முழு நீர்ச்சவாரியின் மாதிரியைச் செய்தவர். இரண்டாவது, டுபாயிலும் அபுதாபியிலும் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த அக்கா. மேடத்தின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃபெராரி வேர்ல்டுக்குப் போய், மணிக்கு 240 கிலோமீற்றரில் பாயும் ஃபோர்முலா ரோஸாவுக்குக் கீழே பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர். "நான் ஏறினதில்ல டீச்சர். ஆனா எத்தன மணிக்கு லைன் குறையும், எந்த மூலையில நிழல் இருக்கும்னு கேளுங்க, சொல்றேன்" என்பார். பூங்கா எப்படி இயங்குகிறது என்பது எங்களில் யாரையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்றாமவர் ஒரு அண்ணன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோடு இந்தியா போன பெரியப்பா குடும்பம் கூடலூரில் இருக்கிறது. அவர்களைப் பார்க்கப் போனபோது, நீலகிரி அடிவாரத்தில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரில் சறுக்கியவர். உண்மையான நீர்ப்பூங்காவில் நனைந்தவர் அவர் ஒருவர்தான்.

மற்றதெல்லாம் வீடியோ. முதல் வரிசையில் உட்கார்ந்தவர் பிடித்த காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். எந்த வளைவில் இருட்டு தொடங்குகிறது, பாட்டு எங்கே மாறுகிறது, படகு மேலே போகும்போது கீழே பட்டி ஓடுகிறதா சங்கிலி ஓடுகிறதா என்று எழுதிவைப்போம். உலகம் முழுக்க ரசிகர்கள் செய்யும் வேலை இதுதான். புளோரிடாவில் டிஸ்னியின் எப்கொட் பூங்காவில் 1983இல் திறந்து 1999இல் மூடிய ஹொரைசன்ஸ் சவாரி இன்று கட்டிடமாகக்கூட இல்லை. ஆனால் அதன் பாலைவனப் பண்ணைக் காட்சியில் தோடம்பழ வாசனை வீசியது என்பது ஹட்டனில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிகிறது. போனவர்கள் பதிந்துவைத்ததால் தெரிகிறது.

சவாரி

ஸ்பிளாஷ் மவுண்டன் எப்படிப்பட்டது என்று சொல்லாமல் சண்டையைச் சொல்ல முடியாது.

மரம் வெட்டுகிறவர்கள் மலையிலிருந்து கட்டைகளை இறக்கத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் கட்டினார்கள். அந்தத் தொழில்வழியைச் சவாரியாக்கி 1963இல் டெக்சாஸின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில் ஏரோ நிறுவனம் கட்டியது பெரிய வெற்றியானது. பிறகு ஊருக்கு ஊர் வந்தது. நம் பக்கத்துப் பழைய தோட்டங்களிலும் கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் கோத்து மலையுச்சியிலிருந்து ஃபெக்டரிக்கு இறக்கினார்கள். இன்றைக்கு எல்லவில் தேயிலைக்கு மேலே கம்பியில் தொங்கிப் போகக் காசு கொடுத்து நிற்கிறார்கள். தொழிலாளி பாரம் இறக்கிய வழியில் விருந்தாளி சந்தோசத்துக்காக இறங்குவது அமெரிக்காவில் மட்டும் நடந்த விஷயம் இல்லை.

1983இல் டிஸ்னியின் வடிவமைப்பாளர் டோனி பாக்ஸ்டருக்கு மூன்று தலைவலிகள் இருந்தன. பூங்காவுக்குக் கட்டைச் சவாரி ஒன்று வேண்டும். பெயார் கன்ட்ரி என்ற மூலைக்கு ஆட்கள் வருவதில்லை. 1974இல் திறந்த அமெரிக்கா சிங்ஸ் என்ற பாட்டுக் காட்சிக்குக் கூட்டம் குறைந்துவிட்டது, அதில் பாடும் இயந்திர மிருகங்கள் வீணாகப் போகின்றன. மூன்றையும் ஒன்றாகத் தீர்க்கும் யோசனை காரில் வேலைக்குப் போகும் வழியில் அவருக்கு வந்தது. அமெரிக்கா சிங்ஸ் 1988இல் மூடப்பட்டது. அந்தத் தவளைகளும் கோழிகளும் நரிகளும் மலைக்குள் குடிபோயின. 1989 ஜூலை 17ஆம் திகதி, டிஸ்னிலாண்டின் 34ஆவது பிறந்தநாளில், ஸ்பிளாஷ் மவுண்டன் திறந்தது. அதற்கு முன்பே அமெரிக்கா சிங்ஸின் இரண்டு வாத்துகளின் தோலை உரித்து, உள்ளே இருந்த இயந்திரத்தையே ஸ்டார் டூர்ஸ் சவாரியின் வரிசையில் ரோபோக்களாக நிறுத்தியிருந்தார்கள்.

ஆகவே, "பழசை ஏன் தொடுகிறீர்கள்" என்று ரசிகர்கள் அழுத அந்தச் சவாரியே இன்னொரு பழையதை உடைத்துப் பிறந்தது. இதை எங்கள் அறையில் முதலில் கண்டுபிடித்துச் சொன்னது சாதாரணதரம் படிக்கும் ஒரு தங்கச்சி. அன்றைக்கு அவள் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சவாரியின் கட்டுமானம் அருமையானது. படகு நீண்ட நேரம் அவசரமில்லாமல் மிதக்கும். பாட்டு, சிரிப்பு, வண்ணம். இடையில் சின்னச் சின்ன இறக்கங்கள். முயலை நரி பிடித்துவிடும். பாட்டு மங்கும், இருட்டாகும், மேலே இரண்டு கழுகுகள் பயமுறுத்தும், படகு செங்குத்தாக ஏறும். உச்சியில் வெளிச்சம். பிறகு சுமார் 16 மீற்றர் இறக்கம், முட்செடிக்குள் விழுந்து நனைந்து, முயல் தப்பிவிட்டது என்று எல்லா மிருகங்களும் சேர்ந்து பாடும் மண்டபத்துக்குள் நுழைவோம். அந்த விழுகை கதையின் முடிச்சிலேயே இருந்தது. "என்னை என்ன வேண்டுமானாலும் செய், முட்புதரில் மட்டும் எறிந்துவிடாதே" என்று முயல் கெஞ்சும். நரி எறியும். முயல் பிறந்து வளர்ந்ததே முட்புதரில்தான். இயந்திரம் செய்வதும் கதை சொல்வதும் இவ்வளவு பொருந்திய சவாரி குறைவு. தம்பி தன் குழாய் மாதிரியில் அதைத்தான் கட்டியிருந்தார்.

பிளவு

2020 ஜூன் 25ஆம் திகதி டிஸ்னி அறிவித்தது: ஸ்பிளாஷ் மவுண்டனின் கதை மாற்றப்படும், 2009ஆம் வருடத்துத் தவளை இளவரசிப் படத்தின் நாயகி தியானா அங்கே வருவாள். அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபிளொய்ட் கொல்லப்பட்டு ஒரு மாதம். மாற்றத்தைப் பற்றி முந்தின வருடமே யோசிக்கத் தொடங்கிவிட்டதாக நிறுவனம் சொன்னது. காரணம் எல்லோருக்கும் தெரியும். சவாரியின் கதை 1946இல் டிஸ்னி எடுத்த சோங் ஒஃப் த சவுத் படத்திலிருந்து வந்தது. அந்தப் படம் வந்த நாளிலேயே, அடிமை முறையை அழகாக்கிக் காட்டுகிறது என்று அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கமான என்ஏஏசிபி கண்டித்தது. அமெரிக்காவில் அது வீட்டு வீடியோவாக வெளிவந்ததே இல்லை. கதைசொல்லும் முதியவராக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட், அட்லாண்டாவில் நடந்த முதற்காட்சிக்குப் போகவில்லை. கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைத்த ஊரில் அவருக்கு இடமில்லை. 1948இல் அவருக்கு சிறப்பு ஒஸ்கார் கொடுத்தார்கள்.

கொரோனா ஊரடங்கு தளர்ந்து நாங்கள் மறுபடி கூடத் தொடங்கியிருந்த நேரம். தம்பிக்குக் கோபம். "சவாரியில மனுசனே இல்லையே டீச்சர். முயல், நரி, கரடி. அந்தப் படத்த பாத்தவங்க எத்தன பேரு? இல்லாத குத்தத்துக்கு எதுக்கு நல்ல சவாரிய ஒடைக்கணும்?" அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. படத்தின் கதைசொல்லியைச் சவாரியில் சேர்க்காமலே விட்டிருந்தார்கள். படத்தில் முயல் தாரில் ஒட்டிக்கொள்ளும், சவாரியில் அது தேனாக மாறியிருந்தது. கட்டும்போதே கழுவித்தான் கட்டினார்கள்.

அக்காவுக்கு இது அமெரிக்காக்காரர்களின் குடும்பச் சண்டை. கூடலூர் அண்ணன் மாற்றத்தின் பக்கம். பூங்கா முடிந்துவிட்ட ஒன்றாக இருக்காது, வளர்ந்துகொண்டே இருக்கும் என்று வால்ட் டிஸ்னியே சொல்லிவைத்திருக்கிறார் என்பது அவர் வாதம். தம்பிக்கும் அவருக்கும் பேச்சு நின்றது அப்போதுதான்.

அம்மாயி பார்த்தது

அந்தப் படத்தின் சில காட்சிகள் கிடைத்தன. பார்க்காமல் பேசுவது சரியில்லை என்று ஒரு ஞாயிறு போட்டோம். தங்கச்சியின் அம்மாயி அன்றைக்கு டவுனுக்கு மருந்து எடுக்க வந்து, மழைக்கு எங்களோடு உட்கார்ந்திருந்தார். பென்சன் எடுக்கும் வரை கொழுந்து எடுத்தவர்.

முதலில் சவாரி வீடியோ. அம்மாயி முயலை ரசித்தார். இறக்கத்தில் "ஆத்தாடி" என்று தங்கச்சியின் கையைப் பிடித்தார். பிறகு படம். ஜோர்ஜியா மாநிலத்துப் பெருந்தோட்டம். உள்நாட்டுப் போருக்குப் பிந்திய காலம் என்று கதையில் வைத்திருந்தாலும் படம் அதைத் தெளிவாகச் சொல்லாது. பெரிய பங்களா, வெள்ளைத் தூண்கள், வேலையாட்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு நடந்து போகிறார்கள். முகத்தில் களைப்பே இல்லை.

அம்மாயிக்கு ஆங்கிலம் தெரியாது. அமெரிக்க வரலாறும் தெரியாது. "இது தொரை பங்களா. இவங்க நம்மாளுங்க மாதிரி வேலக்காரங்க" என்றார் தானாகவே. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேல விட்டு வாரப்ப இப்பிடியா வருவோம்? கொழுந்து நெறுத்து, எத்தன கிலோ கழிச்சான், பேரு போட்டானா அரப்பேரு போட்டானான்னு பேசிக்கிட்டுத்தான் வருவோம்" என்றார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு முழு நாட்சம்பளம், அரப்பேர் என்றால் பாதி.

தம்பி கேட்டார்: "அப்ப பாடவே மாட்டீங்களா அம்மாயி?"

"பாடாம? பாடுவோம். தொரைக்கும் கணக்கப்புள்ளைக்கும் வெளங்காத மாதிரி பாடுவோம்."

அறையில் எங்கள் வாதம் திரும்பியது அந்த இடத்தில். அதுவரை நாங்கள் கேட்ட கேள்வி சவாரி நல்லதா கெட்டதா என்பது. அம்மாயி பார்த்தது வேறு: இது யாருடைய சந்தோசம், யார் பார்ப்பதற்காக யாரைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். ஆட்களை வேலைவாங்கும் கங்காணி, காலையில் ஆள் எடுக்கும் பெரட்டு, வரிசை அறைகளான லயம் என்று வளர்ந்தவர்களுக்கு இதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. அமெரிக்க அடிமைகளின் துன்பமும் நம் முன்னோர் துன்பமும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். விலைக்கு விற்கப்பட்டவர்களின் வரலாறு தனி. ஆனால் பெருந்தோட்டம் என்பதைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது எப்படி அழகாகிவிடுகிறது, கிட்டே நின்றவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்ற இடைவெளி எங்களுக்கு உடம்பில் தெரியும்.

கலிபோர்னியாவில் சவாரி நின்ற அதே 2023இல், ஜூலை 28ஆம் திகதி தொடங்கி, நம் மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடமானதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். முன்னோர் காட்டுவழி நடந்து, நோயில் விழுந்து, வந்து சேர்ந்த பாதை அது. எங்கள் கூட்டத்தில் போக முடிந்தவர்கள் கடைசித் தூரத்தில் சேர்ந்து நடந்தோம். தம்பியும் கூடலூர் அண்ணனும் மறுபடி பேசத் தொடங்கியது அந்த நடையில்.

முயலும் போனது

இத்தோடு மாற்றம் சரி என்று முடிவாகியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். தம்பி விடவில்லை. முயல் கதை யாருடையது என்று தேடிக்கொண்டு வந்தார்.

அந்தக் கதைகள் டிஸ்னியுடையவை இல்லை. 1880இல் அவற்றை நூலாக்கிய வெள்ளையர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸுடையவையும் இல்லை. தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டவை. வேர் ஆபிரிக்காவில். பலமில்லாத சின்ன முயல், பல்லும் நகமும் உள்ளவனைப் புத்தியால் ஏமாற்றித் தப்புகிறது. முட்புதரில் எறியாதே என்று எசமானைக் கெஞ்சி, எறிய வைத்து, தன் வீட்டுக்கே போய்ச் சேருகிறது. துரைக்கு விளங்காத பாட்டு என்று அம்மாயி சொன்னாரே, அதுதான் இது.

படம் அந்தக் கதையை எடுத்து, பங்களாவுக்குச் சந்தோசமாகச் சேவை செய்யும் கிழவரின் வாயில் போட்டது. சவாரி கிழவரை நீக்கிவிட்டு முயலை வைத்துக்கொண்டது. புதிய சவாரி முயலையும் அனுப்பிவிட்டது. நம்மூரில் சி.வி. வேலுப்பிள்ளை போன்ற உள்ளிருந்து வந்தவர்கள் தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தார்கள். அதே பாடல்களை ஒரு துரை தொகுத்து, துரையைப் புகழும் படத்துக்குக் கொடுத்து, பிறகு படம் தப்பு என்று பாடலையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? தம்பி இதைக் கேட்டபோது கூடலூர் அண்ணனிடம் பதில் இல்லை. என்னிடமும் இன்றுவரை முழுப் பதில் இல்லை. கெட்ட சட்டகத்தை உடைக்கும்போது உள்ளே மாட்டியிருந்த நல்லதைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு உடைக்கிறவருக்கு உண்டு என்பது வரைக்கும் எனக்குத் தெளிவு.

புதியது

தியானாஸ் பாயு அட்வென்ச்சர் புளோரிடாவில் 2024 ஜூன் 28ஆம் திகதியும் கலிபோர்னியாவில் நவம்பர் 15ஆம் திகதியும் திறந்தது. அதே வாய்க்கால், அதே ஏற்றம், அதே இறக்கம். பொம்மைகள் புதியவை, அசைவும் முகபாவமும் முந்தியதை விடப் பல மடங்கு உயிருள்ளவை. நியூ ஓர்லியன்ஸின் இசை அந்த ஊரின் கலைஞர்களைக் கொண்டே செய்யப்பட்டது. தியானா பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த லியா சேஸ் உண்மையான மனுசி. நியூ ஓர்லியன்ஸில் அவர் சமைத்த டூக்கி சேஸ் உணவகத்தில், கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது சட்டத்துக்கு விரோதமாக இருந்த காலத்தில், உரிமைப் போராட்டக்காரர்கள் கூடித் திட்டமிட்டார்கள்.

எங்களைப் பிடித்து நிறுத்திய விவரம் ஒன்று. கதைப்படி அந்த மலைக்குள் தியானா நடத்துவது தொழிலாளர்களே சொந்தக்காரராக இருக்கும் கூட்டுறவு உணவுத் தொழில். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடி, 2021இல்தான் அதை வர்த்தமானியில் கண்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். பெருந்தோட்டப் படத்திலிருந்து வந்த மலையில், தொழிலாளி முதலாளியாகிவிட்டார்! அக்கா முதல்முறையாக உற்சாகமாகிப்போனார்: "இத படகுல போறப்ப காட்டுறாங்களா?"

காட்டுவதில்லை. அது வரிசையில் நிற்கும்போது சுவரில் படிக்க வேண்டியது. சவாரிக்குள் நடப்பது, மார்டி கிரா விருந்துக்கு இசைக்காரர்களைத் தேடிப் போவது மட்டும். எதிரி இல்லை, ஆபத்து இல்லை. அதனால் அந்த 16 மீற்றர் இறக்கத்துக்கு ஏன் விழுகிறோம் என்ற காரணம் பலவீனம். முயல் சவாரியில் விழுகையே விடுதலை. இங்கே அது வழியில் வரும் ஒரு பள்ளம். கருத்தில் இவ்வளவு நல்லதாக மாறிய ஒன்றைக் கதைகூறலில் இவ்வளவு பயந்து செய்திருக்க வேண்டாம். அந்தக் கூட்டுறவை யாரோ பறிக்க வருகிறான், தொழிலாளர்கள் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள் என்று வைத்திருந்தால் அந்த இறக்கம் எப்படி இருந்திருக்கும் என்று தங்கச்சி ஒரு முழுக் காட்சிவரிசையை வரைந்து வைத்திருக்கிறாள். தம்பி அதற்கேற்பக் குழாயை மாற்றிப் பொருத்தினார். என் கண்ணுக்கு அது டிஸ்னி கட்டியதை விடச் சிறந்தது.

பழையதைத் தூக்கி வருவது எப்படி என்பதற்கு டிஸ்னியிடமே நல்ல முன்மாதிரி உண்டு. புளோரிடாவில் மிஸ்டர் டோட் என்ற தேரைச் சவாரியை 1998 செப்டம்பரில் மூடியபோது ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்த்தார்கள். தோற்றார்கள். அடுத்த வருடம் அங்கே வின்னி த பூ சவாரி வந்தது. உள்ளே ஒரு சுவரில், தேரை தன் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் கொடுக்கும் படம் மாட்டியிருக்கிறது. தெரிந்தவருக்குத் தெரியும்: இந்த வீடு யாருடையதாக இருந்தது, யார் கையில் கொடுத்துவிட்டுப் போனார். போனவருக்கு அவ்வளவு மரியாதை போதும். முயலுக்கும் அப்படி ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கலாம். டோக்கியோ டிஸ்னிலாண்டை வேறு நிறுவனம் நடத்துவதால் அங்கே ஸ்பிளாஷ் மவுண்டன் இன்னும் ஓடுகிறது. தம்பியின் சேமிப்பு அந்தப் பக்கம்தான் போகிறது.

நம்மூரில்

இந்த வாதத்தில் கிடைத்த கண்ணோடு எங்கள் சொந்த மலையைப் பார்த்தபோது நிறைய விஷயம் உறுத்தியது. நுவரெலியா டவுனே ஒரு தீம் பார்க்காகத்தானே கட்டப்பட்டது? வீட்டு நினைப்பில் வாடிய வெள்ளைக்காரர்கள் 1873இல் கிரகறி வாவி, 1889இல் கோல்ஃப் மைதானம், மரச்சட்டம் போட்ட ஆங்கிலக் கூரைகள் என்று தங்கள் ஊரை இங்கே நாட்டினார்கள். இன்றைக்கும் அதை லிட்டில் இங்கிலண்ட் என்று சொல்லித்தான் பஸ்களில் ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கதையில் நாம் எங்கேயும் இல்லை. தேயிலையோடு சேர்த்துக் காட்டும்போது மட்டும் வருகிறோம், கூடையும் சிரிப்புமாக.

நாங்கள் ஒரு தேயிலைச் சுற்றுலா இடத்துக்குக் கூட்டமாகப் போனோம். பெயர் சொல்லவில்லை. அங்கே சேலையும் இடுப்பில் கட்டும் படங்கும் கூடையும் வாடகைக்குக் கிடைக்கும். கட்டிக்கொண்டு மலையில் இறங்கி இரண்டு இலை ஒரு அரும்பு கிள்ளிப் படம் எடுக்கலாம். பலகைகளில் 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது, இலை வாடுவது, நொதிப்பது, தரம் பிரிப்பது எல்லாம் ஒழுங்காக இருந்தது. பறிக்கிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை. இடத்தை நான் குறை சொல்லி ஒதுக்கமாட்டேன். இலை வாடும் தட்டுகளின் மேல் நடைபாலம் போட்டு, வாசனைக்கு நடுவே நடக்க வைத்திருந்தார்கள். ஒரு நல்ல பூங்கா வடிவமைப்பாளர் செய்கிற வேலை அது. கூட வந்த பிள்ளைகள் வெளியே வர மறுத்தார்கள். இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் அதே திறமையை மனிதர் பக்கமும் காட்டலாம் என்பதுதான் ஆதங்கம். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் லயன் அறைகளையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு தகரக் குவளையைப் பார்த்துக்கொண்டு பெரியவர்கள் நிற்கும் நேரம், எந்தப் பலகையின் முன்னாலும் நின்றதை நான் பார்த்ததில்லை.

ரசிகர்களாக என்ன செய்யலாம் என்று பேசி, நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். தேயிலை ஊட்டும் சந்தோசத்தில் கைவைக்கச் சொல்லவில்லை. வாடகைச் சேலை கட்டும் இடத்துக்குப் பக்கத்தில், அந்தச் சேலையைத் தொழிலுக்குக் கட்டிய ஒருவர் சம்பளத்துக்கு உட்கார்ந்து விருந்தாளிகளோடு பேச வேண்டும். தோட்டப் பாடல் ஒன்று பாடினவரின் பெயரோடு ஒலிக்க வேண்டும். கடைசியில் ஒரு தராசு வைக்க வேண்டும்: விருந்தாளி தான் கிள்ளியதை நிறுத்துப் பார்க்கட்டும், கழிவு போக எவ்வளவு நின்றது, ஒரு பேருக்கு எத்தனை கிலோ வேண்டும், அதற்கு எவ்வளவு காசு என்று அந்த இடத்திலேயே தெரியட்டும்.

கடிதம் எழுதும்போது அக்கா ஒரு எச்சரிக்கை சொன்னார். "பேச வாறவங்கள பொம்மையாக்கிறாதீங்க டீச்சர். நான் அங்க யூனிஃபோர்மோட நின்னவ. நாள் முழுக்கச் சிரிக்கணும்னா அதுவும் ஒரு கொந்தரப்புதான்." கொந்தரப்பு என்றால் தோட்டத்தில் ஒப்பந்த வேலை. அதனால் நேரம், ஓய்வு, பேச விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை என்று மூன்றையும் சேர்த்தோம். கடிதத்தில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

பதில் வந்தது. சனி ஞாயிறுகளில் ஓய்வுபெற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த ஒத்துக்கொண்டார்கள், இப்போது ஒரு பாட்டி வருகிறார். விருந்தாளிகள் அவரிடம் அதிகம் கேட்பது அட்டைக்கடியைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும். பாட்டுக்குப் பதிவு வேண்டும் என்றார்கள், தங்கச்சி அம்மாயியிடமும் அவர் வயதுக்காரர்களிடமும் பதிந்துகொண்டிருக்கிறாள். பாட முன்வந்தவர்களில் இரண்டு பேர் பெயர் வேண்டாம் என்றதால் அந்தப் பாடல்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம். தராசுக்கு மட்டும் இடவசதி இல்லை என்று எழுதியிருந்தார்கள். தம்பி போய் அளந்து வந்தார். வெளியேறும் கடைக்கு முன்னால், கூடை திருப்பிக் கொடுக்கும் மேசையோடு சேர்த்தால் நாலடி போதும். வரைபடத்தோடு இரண்டாவது கடிதம் போயிருக்கிறது.